புண் ஆறிய பிறகும் ஆறாத அரிப்பு: ஒரு சிறு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுதும் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசி ஐந்தாறு பத்திகளையாவது படித்துவிடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தீக்காயம் பட்டுப் பிழைத்தவர் ஒருவர் இருந்தால், அந்தப் பத்திகள் அவருக்காகத்தான்.

129ஆம் குறளைப் பல வருடங்கள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நெருப்பால் வந்த காயம் குணமாகிவிடும், வசைச்சொல்லால் வந்த வடு போகாது என்பது அதன் கருத்து. வள்ளுவர் அங்கே பேசுவது நாவடக்கத்தைப் பற்றி. மருத்துவம் சொல்வது அவர் நோக்கமல்ல. ஆனால் நாம் அதன் முதல் பாதியை மருத்துவ உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். கட்டுப் பிரித்தாயிற்று, தோல் மூடிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆகவே ஆறிவிட்டது என்பது நம் கணக்கு.

பிழைத்து வந்தவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். வலி மெல்ல மெல்லக் குறையும். அரிப்பு அப்போதுதான் தொடங்கும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் தீக்காயம் பட்ட 510 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 3 மாதம் கழித்து 87 சதவீதம் பேருக்கு அரிப்பு இருந்தது. ஒரு வருடம் கழித்து 70 சதவீதம். இரண்டு வருடம் கழித்தும் 67 சதவீதம். அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வில், காயம் பட்டு 4 முதல் 10 ஆண்டுகள் ஆனவர்களில்கூட 44 சதவீதம் பேர் அரிப்பு இருக்கிறது என்றார்கள். குளிர்ந்த நாடுகளிலேயே இந்த நிலை. சித்திரை மாதச் சென்னையில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாத்தியார் புத்தி போகாதல்லவா, முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழில் இந்த ஓர் உணர்ச்சிக்கு எத்தனை பெயர்! அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு. சண்டைக்குத் துடிக்கும் தோளைத் 'தினவெடுத்த தோள்' என்கிறோம். அரிப்பு என்ற சொல் இன்னும் ஆழமானது. கறையான் மரத்தை அரிக்கிறது. கடல் கரையை அரிக்கிறது. மண்ணரிப்பு என்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. தீக்காயத் தழும்பின் அரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. அது தின்பது தூக்கத்தை, பொறுமையை, வேலைக்குப் போகும் தெம்பை.

மருத்துவ உலகம் இதைக் கவனிக்க ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது? அதுதான் இன்றைய வரலாறு.

தீக்காயத்தைப் பற்றி நம் நாட்டில் மிகப் பழைய காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை வெந்த புண்ணை அதன் ஆழத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. இன்றைய மருத்துவர்கள் 'டிகிரி' சொல்லிப் பிரிப்பதற்கு முன்னோடி அது. ஆனால் பெரிய அளவில் வெந்தவர்கள் பிழைப்பது அன்றைக்கு அபூர்வம். உலகம் முழுவதும் சென்ற நூற்றாண்டின் பாதி வரை அதுதான் நிலை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று பெரிய பூங்கா ஒன்று இருந்தது. ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்தில் எழும்பியவைதான். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த பார்க் பேர் கண்காட்சியில் ஓலைப் பந்தல்கள் தீப்பிடித்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மதராஸ் சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தத் தீயைப் பற்றி எழுதுவார்கள். வெந்து பிழைத்தவர்கள் அடுத்த இரண்டு வருடம் எப்படித் தூங்கினார்கள் என்று எழுதியவர்களை நான் பார்த்ததில்லை.

இன்றும் அப்படித்தான். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைத் தீ, 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ, 2012 செப்டம்பரில் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. மறுநாள் பத்திரிகையில் இறந்தவர் எண்ணிக்கை வரும். காயமடைந்தோர் என்று இன்னோர் எண் வரும். அந்த இரண்டாவது எண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை.

பெரிய தீக்காயத்திலிருந்து மனிதர்கள் பிழைக்கத் தொடங்கியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1942 நவம்பர் 28 இரவு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்தது. 492 பேர் இறந்தார்கள். அன்று வந்து குவிந்த நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள், வெந்த உடம்பு இழக்கும் நீரை நரம்பு வழியாக எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதில் முக்கியமான பாடங்களைக் கற்றார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விமானத் தீயில் முகமும் கையும் வெந்த விமானப்படை வீரர்களுக்குப் புதுமுகம் தைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் 1941இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, தங்களைத் தாங்களே 'சோதனை எலிகள்' என்கிற பாணியில் 'கினிப்பன்றிச் சங்கம்' என்று அழைத்துக்கொண்டார்கள். பிறகு பென்சிலின் பரவலானது. 1970இல் யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகரைச் சேர்ந்த ஜோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், வெந்த தோலைச் சில நாட்களுக்குள்ளேயே சீவி எடுத்துவிட்டு உடனே ஒட்டுத்தோல் வைக்கும் முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பாதி உடம்பு வெந்தவர்கூட வீடு திரும்ப முடிந்தது. அரிப்பு என்ற பிரச்சினை அப்போதுதான் பெரிதாக வெளியே தெரிந்தது. இறந்தவருக்கு அரிக்காது அல்லவா. பிழைக்க வைத்த மருத்துவத்தின் வெற்றியோடு கூடவே வந்த பிரச்சினை இது.

அரிப்பு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள அடையாற்றுக்கும் கிண்டிக்கும் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். நம் பேட்டைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய கதை இது.

சர்தார் பட்டேல் சாலையில் பஸ்ஸில் போகும்போது மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 1948 ஏப்ரல் 24 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே இயற்பியல் துறை தொடங்க விரும்பி சர் சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தனக்குப் பதிலாகத் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சிபாரிசு செய்தார். 1952இல் ராமச்சந்திரன் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 30 நிறையவோ நிறையாமலோ இருந்தது. எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்.

அந்தச் சமயத்தில் மதராஸுக்கு வந்த ஜே.டி. பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் என்பது நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுதான். ராமச்சந்திரனும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனில் எக்ஸ்ரே பாய்ச்சிப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். 1954இல் 'நேச்சர்' இதழில் முதல் கட்டுரை. 1955இல் அதைத் திருத்தி இரண்டாவது கட்டுரை. அவர்கள் கண்டது: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு.

நம் ஊரில் இதை விளக்கக் கரும்பலகையே வேண்டாம். முப்புரி நூல் என்றால் போதும். ஒரு புரியைத் தனியாக இழுத்தால் அறுந்துவிடும். மூன்றையும் முறுக்கினால் மாட்டைக் கட்டலாம். நம் தோலுக்கு இழுவை தாங்கும் பலம் அப்படித்தான் வருகிறது.

தமிழில் உடம்பின் மேல் இருப்பதும் தோல்தான், செருப்பு தைப்பதும் தோல்தான். ஒரே சொல். அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த ஒற்றுமை நிஜமாகவே பயன்பட்டது. மாட்டுத் தோலைப் பதனிடுவது என்றால் அதிலுள்ள கொலாஜன் அழுகாமல் நிலைப்படுத்துவதுதான். அதே கொலாஜனைச் சுத்தம் செய்து மெல்லிய தாள் போல ஆக்கி வெந்த புண்ணின் மேல் போர்த்தினால், புண் மூடும்வரை ஒரு தற்காலிகத் தோலாக அது நிற்கும். அந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் இதை உருவாக்கினார்கள். தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனையிலிருந்து பலரைக் காப்பாற்றிய காரியம் இது. மும்பையில் வேறு மருத்துவர்கள் ஏழைகளுக்கு எட்டும் வகையில் வேறு வழி தேடினார்கள். 1985இல் மருத்துவர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலை வைத்துக் கட்டு தயாரித்ததை எழுதினார். சயான் ஆஸ்பத்திரியின் மருத்துவர் மாதுரி கோரே வாழை இலையை வைத்துக் கட்டுப் போட்டார். நம் அம்மாக்கள் வெந்த இடத்தில் வாழை இலையை விரித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அரிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆழமாக வெந்த இடத்தை மூட உடம்பு அவசர அவசரமாகக் கொலாஜன் கயிறு திரிக்கிறது. அவசரத்தில் திரித்த கயிறு ஒழுங்காக இருக்காது. அளவுக்கு மிஞ்சி, முடிச்சு முடிச்சாகக் குவிந்துவிடும். அதுதான் சிவந்து தடித்து மேலெழும்பும் தழும்பு. அது தணிந்து மென்மையாக ஒன்றிரண்டு வருடங்கள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மாஸ்ட் செல் என்ற செல்கள் அங்கே கூட்டமாகச் சேர்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது என்பதை 1953இல் ரைலி, வெஸ்ட் என்ற இருவர் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள். ஹிஸ்டமின் தோலில் கசிந்தால் சிவக்கும், வீங்கும், அரிக்கும். கொசு கடித்த இடத்தில் நடப்பதும் இதுதான்.

அத்தோடு முடியவில்லை. வெந்துபோன நரம்பு நுனிகள் மறுபடி முளைக்கின்றன. புதிதாக வந்தவை சின்னத் தூண்டுதலுக்கும் பெரிதாகக் கத்துகின்றன. புடவை உரசினால் போதும். மாதக்கணக்கில் இப்படிக் கத்தினால் தண்டுவடமும் மூளையும்கூட அந்தச் சத்தத்துக்குப் பழகி, இல்லாததையும் கேட்க ஆரம்பித்துவிடுகின்றன. இன்னொன்று, ஆழமாக வெந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் அழிந்துவிடுகின்றன. தோல் வறண்டு வெடிக்கிறது. அந்த இடம் வியர்க்காததால் உடம்புச் சூடு வெளியேற வழி குறைகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை.

'புண் ஆறும்போது அரிக்கும், நல்ல அடையாளம்தான்' என்று வீட்டுக்கு வீடு சொல்வோம். சின்னக் கீறலுக்கு அது ஓரளவு சரி. பெரிய தீக்காயத்தில் அந்த ஆறுதல் வார்த்தையே ஆபத்து. நல்ல அடையாளம் என்று நினைத்து அவர் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். இரவில் தூக்கக் கலக்கத்தில் சொறிகிறார். புதுத்தோல் காகிதம் மாதிரி. கிழிந்து மறுபடி புண்ணாகிறது. ஒட்டுத்தோல் வைத்த இடமும் பெயரலாம். மறுபடி கட்டு, மறுபடி ஆஸ்பத்திரி.

அரிப்பை மருத்துவ உலகமே நெடுங்காலம் வலிக்குத் தம்பியாகத்தான் பார்த்தது. 1660இல் ஜெர்மனியில் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற மருத்துவர் அரிப்புக்கு ஓர் இலக்கணம் எழுதினார். சொறிய வேண்டும் என்ற ஆசையைத் தூண்டும் விரும்பத்தகாத உணர்ச்சி என்பது அதன் சாரம். 350 வருடம் தாண்டியும் பாடப்புத்தகங்களில் அதே இலக்கணம்தான். லேசான வலிதான் அரிப்பு என்று நம்பினார்கள். அரிப்புக்கென்றே தனி நரம்பு இழைகள் மனிதத் தோலில் இருப்பதை 1997இல்தான் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கிளாஸ் போக ஆரம்பித்த காலத்தில்.

அதனால் மருந்தும் தாமதமாகவே வந்தது. வெகுகாலம் ஒரே வழி, நாம் சளிக்கும் தடிப்புக்கும் போடும் அலர்ஜி மாத்திரை. அது ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். நரம்பு கத்துவதை நிறுத்தாது. அதனால்தான் பலர் 'மாத்திரை போட்டேன், தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை' என்கிறார்கள். 1970களில் தழும்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடைகள் பரவின. 1982இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர்கள், சிலிகோன் ஜெல் தாளைத் தழும்பின் மேல் ஒட்டிவைத்தால் அது தணிவதாக எழுதினார்கள். இவை இரண்டும் இன்றும் உபயோகத்தில் உள்ளவை.

பிறகு வலிப்பு நோய்க்கென வந்த கேபாபென்டின் என்ற மாத்திரை நரம்பு வலிக்கும் உதவுவது தெரிந்தது. நரம்பு சம்பந்தப்பட்டதுதானே அரிப்பும் என்று தீக்காய மருத்துவர்கள் யோசித்தார்கள். இதில் முக்கியமான ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடந்தன. டெல்லி லோக் நாயக் ஆஸ்பத்திரியில் மருத்துவர் ராஜீவ் அகுஜாவும் அவர் குழுவும் செட்டிரிசின், கேபாபென்டின், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகக் கொடுத்து ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். கேபாபென்டின் தெளிவாக மேலாக இருந்தது. 2013இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரீகாபாலின் என்ற மருந்தையும், வெறும் போலி மாத்திரையையும் வைத்து இன்னும் கண்டிப்பான ஆய்வு செய்தார்கள். நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் கிடைத்த இந்த முடிவுகளை இன்று உலகம் முழுவதும் தீக்காய மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் யோசனை தந்த தகவல் வேறொன்று. தழும்பை மதிப்பிட 1990இல் கனடாவின் வான்கூவரில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். நிறம், ரத்த ஓட்டம், மென்மை, உயரம் என்று நான்கு விஷயம். நான்கும் மருத்துவர் கண்ணாலும் கையாலும் பார்த்து மதிப்பெண் போடக்கூடியவை. அரிப்பு அதில் இல்லை. 2004இல் நெதர்லாந்தில் வந்த இன்னோர் அளவுகோலில்தான் நோயாளியே மதிப்பெண் போடும் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் வலி இருக்கிறதா, அரிக்கிறதா என்ற கேள்விகள் உண்டு. முப்பது வருடத்துக்கும் மேல் விடைத்தாள் திருத்தியவனுக்கு இதன் பொருள் புரியும். கேள்வித்தாளில் இல்லாத பாடத்தை யாரும் நடத்துவதில்லை. கேட்காத கேள்விக்கு நோயாளியும் பதில் சொல்வதில்லை.

நம் சென்னைக்கு வருவோம். தீக்காயம் என்றால் நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அந்த இடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1925இல் சித்தா, ஆயுர்வேதம், யுனானி சொல்லித்தர அரசு தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளிதான் அதன் வேர். அதன் முதல் தலைவர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1960இல் அது நவீன மருத்துவக் கல்லூரி ஆனது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆம்புலன்ஸ் அங்கேதான் வரும்.

அந்த வார்டின் கதையைத் தீக்காயத்தின் கதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெண்களின் கதையும் அதில் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் நைலக்ஸ் புடவையும் ஒரு தலைமுறைப் பெண்களை என்ன செய்தன என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 'ஸ்டவ் வெடித்தது' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை விபத்து, எத்தனை வரதட்சணை, எத்தனை தற்கொலை முயற்சி என்பதும் தெரியும். 1983இல் 498ஏ, 1986இல் 304பி என்று சட்டப் பிரிவுகள் வந்ததற்கே இந்தத் தீதான் காரணம். சென்னையில் 2001இல் தொடங்கிய பி.சி.வி.சி. என்ற தொண்டு அமைப்பு, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிழைத்த பெண்களோடு தொடர்ந்து வேலை செய்துவருகிறது.

தீ எப்படிப் பட்டது என்பதையே வெளியே சொல்ல முடியாத ஒரு பெண், ராத்திரி அரிக்கிறது என்று யாரிடம் சொல்வாள்? பஸ்ஸில் கழுத்தைச் சொறிந்தால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார், ஒட்டுவாரொட்டி என்று நினைத்து. தழும்பின் அரிப்பு யாருக்கும் ஒட்டாது. வீட்டில் சும்மா சொறியாதே என்று அதட்டுகிறார்கள். சமைக்கப் போனால் அடுப்புச் சூட்டில் இன்னும் அதிகமாகிறது. ஆண்களுக்கும் கஷ்டம் குறைவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர், ஓட்டல் மாஸ்டர், மின்சார வேலை செய்பவர் என்று உழைக்கும் வயதில் வெந்தவர்கள் அவர்கள். வெயிலிலும் சூட்டிலும் நிற்பதுதான் அவர்கள் பிழைப்பு.

மத்திய அரசின் மதிப்பீட்டின்படி நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேருக்குத் தீக்காயம் படுகிறது. சுமார் 1.4 லட்சம் பேர் இறக்கிறார்கள். 2.4 லட்சம் பேர் ஊனமடைகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அமில வீச்சுக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். மிகவும் நியாயம். ஆனால் அடுப்புத் தீயில் வெந்தவருக்கென்று தனி வகை இல்லை. கை மடங்கிவிட்டது, கண் போய்விட்டது என்பது போல வேறொரு குறைபாடாகக் காட்டித்தான் சான்றிதழ் வாங்க வேண்டும். தூக்கமே இல்லாத இரண்டு வருடத்துக்கு எந்தச் சான்றிதழிலும் இடமில்லை.

இனி, கடைசிப் பத்திகளுக்கு மட்டும் வந்தவர்களுக்கு.

தீக்காயம் ஆறிய பின் வரும் கடும் அரிப்பு உடம்பில் நடக்கும் உண்மையான கோளாறு. மனப்பிரமையோ சோம்பேறித்தனமோ இல்லை. அதற்குச் சிகிச்சை உண்டு. அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது 'அரிக்கிறது' என்று பொதுவாகச் சொல்லாமல், பத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்த நேரத்தில் அதிகம், ராத்திரி எத்தனை முறை எழுப்புகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். டாக்டருக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கும். சீட்டு அந்த இரண்டு நிமிடத்தை உங்களுக்காகப் பேசும். அலர்ஜி மாத்திரை கேட்கவில்லை என்றால் அதையும் சொல்லி, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன மருந்துகளை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடக் கூடாது. தலைசுற்றும், மயக்கம் வரும். அளவை மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். அது மருத்துவர் வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. நன்றாக மூடிய தோலில், மருத்துவர் சொன்ன களிம்பையோ எண்ணெயையோ வாசனைப் பொருள் சேராமல் ஒரு நாளைக்குப் பலமுறை மென்மையாகத் தடவ வேண்டும். வெந்நீர்க் குளியல் வேண்டாம். பழைய பருத்திப் புடவை, தளர்வான பருத்திச் சட்டை நல்லது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் உள்ளங்கையால் மெதுவாகத் தட்டலாம், குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். வெயிலில் போனால் தழும்பை மூடிக்கொள்ள வேண்டும். அழுத்த உடை கொடுத்திருந்தால், புழுக்கமாக இருக்கிறது என்று தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். ஆறிய இடம் மறுபடி வெடித்தாலோ கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் போக வேண்டும்.

இன்றைக்கு யாருக்காவது புதிதாகத் தீக்காயம் பட்டால், முதல் காரியம் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். இங்க், டூத்பேஸ்ட், தோசை மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். எவ்வளவு ஆழமாக வேகிறதோ அவ்வளவு பெரிய தழும்பு. தழும்பு பெரிதானால் அரிப்பும் பெரிது.

கடைசியாக ஒன்று. தெரிந்தவர் யாராவது தீக்காயத்திலிருந்து மீண்டு வந்திருந்தால், 'நல்லா ஆயிடுச்சு போல இருக்கே' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 'ராத்திரி தூக்கம் வருதாம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்பிவையுங்கள். மருத்துவத் துறை நண்பர்கள் கூடுதல் விவரம் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.